மரச்சீப்புக்கே எழுந்து நின்ற தாடி

எனக்குத் தாடி வளராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே வரப்போகும் புகழ்ச்சியில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருப்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை முயன்று பார்த்தேன். மூன்று மாதத்தில் வலது தாடையில் ஒரு கொத்தும் மோவாயில் ஏழெட்டு முடியும் வந்தன. இடது பக்கம் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் நிலம் மாதிரி காலியாகவே இருந்தது. என் மனைவி ஒருநாள் கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டு வாயத் தொடைக்கலையோன்னு நெனச்சேன்" என்றாள். அன்றைக்கே சிரைத்துவிட்டேன்.

நான் அப்படி ஆசைப்பட்டதற்குக் காரணம் எங்கள் போர்மேன். விஸ்வநத்தத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். மருந்து கலக்கும் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. கம்பெனியில் இன்னும் நாலைந்து முஸ்லிம்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. பாய் என்று சொன்னால் அவர் ஒருவர்தான். நெஞ்சு வரைக்கும் இறங்கிய தாடி. முக்கால்வாசி வெள்ளை, மீதி கருப்பு. மருதாணி போட்டுச் சிவப்பாக்குகிற பழக்கம் அவரிடம் இல்லை. "இருக்கதே போதும், பெயிண்ட் அடிச்சா விக்கவா போறோம்" என்பார்.

காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் அவருடைய மொபெட் வந்துவிடும். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அதை நிறுத்துவார். ஜிப்பா பையிலிருந்து மரச்சீப்பை எடுப்பார். வேப்பமரத்தில் செய்த சீப்பு, சாத்தூரில் ஒரு ஆசாரியிடம் சொல்லி வாங்கியது. ஒரு பக்கம் அகலப் பல், மறு பக்கம் நெருக்கப் பல். மொபெட் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு குனிவார். முதலில் மோவாய்க்கு அடியில், கீழிருந்து மேலாக. பிறகு இரண்டு கன்னமும். கடைசியில் மொத்தத் தாடியையும் இடது கையில் ஏந்தி மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இழுத்துவிட்டு ஒரு நிமிஷம் அசையாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பார். வேனிலிருந்து இறங்கிய பெண்கள் அத்தனை பேரும் தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். தாடி படிந்து நின்றால் சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நடங்க தாயி" என்பார். அதன் பிறகுதான் கேட் திறக்கும்.

வந்த புதிதில் நான் இதை அழகு பார்க்கிற கிறுக்கு என்றே நினைத்தேன். அழகு பார்க்கிற கிறுக்கும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை அத்தர் மணக்க வருவார். கல்யாண வீட்டுக்குப் போனால் வீடியோக்காரர் இருக்கும் பக்கமாகப் பார்த்து உட்காருவார். ஆனால் காலைச் சீவலுக்குக் காரணம் வேறு. பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்து, காகிதத் துணுக்கைத் துள்ள வைத்து விளையாடியிருப்போமே, அந்த வித்தை மருந்துத் தூள் பறக்கிற இடத்தில் விளையாட்டில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். மரச்சீப்பு அந்த வேலையைச் செய்யாது. முடி அடங்கிப் படிந்திருக்கும். காற்றில் ஈரம் சுத்தமாக வற்றிப்போன நாளில் மட்டும் மரச்சீப்புக்கே முடி பிரிந்து எழுந்து நிற்கும். அப்படி எழுந்து நின்றால் அன்றைக்கு மருந்தைத் தொடக் கூடாது. அவர் தாடியைச் சீவவில்லை, காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

கேட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பருத்தித் துணி உடுத்தாமல் யாரும் உள்ளே போக முடியாது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் கேட்டுக்குப் பக்கத்தில் பதித்திருந்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதன் வழியாகத் தரைக்குப் போய்விடும். பெண்கள் தொட்டுவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். "சாமி இல்ல தாயி, கரண்டு எறங்குற எடம்" என்று தினமும் சொல்வார். அவர்களும் தினமும் ஒற்றிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் சீப்பு கொண்டுவந்தால் பிடுங்கி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, சாயங்காலம்தான் திருப்பித் தருவார். என்னிடமும் ஒன்று பிடுங்கினார். பிடுங்கிய பிறகு முடி கொட்டிய என் முன்மண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்ள, இதுக்கு இங்கன என்ன வேலை?" என்றார். சீப்பைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா, தலையைக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாயங்காலம் நான் அதைத் திருப்பி வாங்கவில்லை.

என்னை மாப்ள என்று அவர் கூப்பிட்டதற்குக் காரணம் என் மனைவி. கலவை ரூமுக்கு அடுத்த ரூமில் அவள் திரி வெட்டிக்கொண்டிருந்தாள். அவளை அவர் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அந்த வகையில் நான் மாப்பிள்ளை. மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும்.

ஒரு தடவை வடக்கே இருந்து ஒரு பெரிய வியாபாரி ஆர்டர் கொடுக்க வந்தார். வெயிலில் மினுமினுக்கிற பாலியெஸ்டர் சட்டை. பாய் கேட்டிலேயே மறித்துவிட்டார். முதலாளி அண்ணாச்சி பக்கத்தில் நின்று கண்ஜாடை காட்டினார். பாய் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வியாபாரிக்குத் தமிழ் தெரியாது, பாய்க்கு இந்தி தெரியாது. பாய் அவர் சட்டைக் கையைப் பிடித்துத் தன் மரச்சீப்பால் நாலு தேய் தேய்த்துவிட்டு, கீழே கிடந்த ஒரு சருகை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். சருகு துள்ளிச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. வியாபாரி புரிந்துகொண்டார். அடுத்த நிமிஷம் பாய் என் பக்கம் திரும்பி, "மாப்ள, ஒங்க சட்ட பருத்திதான? கழட்டுங்க" என்றார். வியாபாரி என் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார். நான் ஓட்டை விழுந்த பனியனோடு மத்தியானம் வரைக்கும் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். லேபிள் கொண்டுவந்த அச்சாபீஸ்காரர் என்னைத் தண்ணி எடுத்துவரச் சொன்னார். எடுத்து வந்து கொடுத்தேன். ஆர்டர் கிடைத்துவிட்டது. என் சட்டை அன்றைக்குச் செய்த வியாபாரத்தை நான் அந்தக் கம்பெனியில் ஒருநாளும் செய்ததில்லை.

கலவை ரூமுக்குள் போகும்போது வெள்ளைத் துணியால் தாடியைப் பொதிந்து தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்வார். பல்வலிக்காரர் மாதிரி இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் முகம் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு, ஒரு வெள்ளைத் தாளை மடியில் விரித்துக்கொண்டு மறுபடியும் சீவுவார். இப்போது நெருக்கப் பல் பக்கம். தாளில் மருந்துத் தூள் ஒரு சாம்பல் புள்ளியாக விழுந்தாலும் எழுந்துபோய் மறுபடி கழுவிவிட்டு வருவார். தாள் வெள்ளையாக இருந்தால்தான் வீட்டுக்குக் கிளம்புவார். வீட்டில் அடுப்பு இருக்கிறது, பேரப்பிள்ளைகள் தாடியைப் பிடித்து இழுப்பார்கள், இங்கேயுள்ளதை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பார். முப்பது வருஷம் மருந்துக்கு நடுவில் நின்றவர். இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டிக்கொண்டு, "என் சர்டிபிகேட்டு" என்பார். எங்கள் பக்கம் அது சின்னச் சர்டிபிகேட் இல்லை.

அண்ணாச்சிக்கு இந்தத் தாடி கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும், உங்கள் கம்பெனியில் ஒருத்தர் தாடியைச் சீவித்தான் கேட் திறக்கிறாராமே என்று கேட்டுச் சிரித்தார்கள் போலிருக்கிறது. ஒருநாள் பக்குவமாக, தாடியை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். அண்ணாச்சி மெல்லிய கோடு மாதிரி மீசை வைத்திருப்பார். "எடுத்துரலாம் அண்ணாச்சி. பெறகு காத்து எப்பிடி இருக்குன்னு ஒங்க மீசையத்தான் கேக்கணும்" என்றார் பாய். அடுத்த வாரம் அண்ணாச்சி மதுரைக்குப் போய் ஒரு ஈர மீட்டர் வாங்கிவந்தார். கடிகாரம் மாதிரி வட்டமாக, ஒரே ஒரு முள்ளோடு இருந்தது. முள் பச்சையில் நின்றால் காற்றில் போதுமான ஈரம் இருக்கிறது. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பில் நின்றால் வேலை பார்க்கக் கூடாது.

அதைச் சுவரில் மாட்டுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. தினமும் இரண்டு தடவை பார்த்து நோட்டில் எழுதுகிற பொறுப்பும் வந்தது. ஆபீஸில் ஏற்கனவே ஆணி அடித்திருந்த ஒரு இடம் இருந்தது, அங்கேயே மாட்டினேன். சுத்தியல் தேட வேண்டாம் பாருங்கள். அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் நோட்டில் பச்சை, பச்சை, பச்சை என்று எழுதினேன். ஒருநாள்கூட விட்டதில்லை. நான் எந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த ஒன்றரை வருஷத்தில் பாய் மூன்று நான்கு தடவை மத்தியானத்தோடு கலவையை நிறுத்தியிருக்கிறார். சீசன் இல்லாத சமயங்கள், அதனால் அண்ணாச்சி முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார். ஆனால் நான் சொல்லவந்த தடவை ஆடி மாதம். தீபாவளிக்கு வடக்கே போக வேண்டிய லோடு. லாரி கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறது. டிரைவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அரை மணிக்கு ஒரு தடவை ஆபீஸுக்குள் எட்டிப் பார்க்கிறார். மேற்கே இருந்து காற்று வறவறவென்று அடிக்கிறது. ஊரெல்லாம் உதடு வெடித்துக் கிடந்தது.

காலையில் தாடி படிந்துதான் இருந்தது. சீசனில் பாய் நடுவிலும் ஒரு தடவை வெளியே வந்து சீவிப் பார்ப்பார். பத்தரை மணி இருக்கும். துணியை அவிழ்த்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். தாடி அப்படியே பிரிந்து, முடிமுடியாக, விசிறி மாதிரி விரிந்து நின்றது. சீப்பை எடுத்த பிறகும் அடங்கவில்லை. சீப்பைக் கிட்டே கொண்டுபோனால் முடி அதைத் தேடி வந்தது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன். சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாய் திரும்பி நடந்தார், ஓடவில்லை. கலவை ரூமில் இருந்தவர்களை வெளியே கூப்பிட்டார். கலந்த மருந்தை ஈரச் சாக்குக்கு அடியில் விட்டுவிட்டு வரச் சொன்னார். பக்கத்து ரூம்களையும் காலி பண்ணினார். எல்லோரும் வெளியே வந்ததை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கலவை ரூமைப் பூட்டிச் சாவியை ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார். பெண்கள் வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். என் மனைவியும் அதில் இருந்தாள். அரைநாள் கூலி போகிறதே என்று சிலர் முனகியது எனக்கே கேட்டது.

அண்ணாச்சி எழுந்து வேகமாக வந்தார். நானும் பின்னால் போனேன். அவர் முதலில் பாயிடம் பேசவில்லை. என்னைப் பார்த்து மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டார். பச்சை என்றேன். நோட்டிலும் எழுதியிருக்கிறதா என்றார். எழுதியிருக்கிறது என்றேன்.

"கேட்டீகளா பாய்? மெஷினு பச்சைங்குது. லாரி நிக்கிது. நீங்க தாடியக் காட்டுறீக."

"காட்டத்தான் அண்ணாச்சி செய்வேன். இன்னைக்கு எந்திரிச்சுருச்சு."

"பன்னெண்டு மணிக்குள்ள ரூமத் தெறக்கணும். இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு நீங்க கெளம்பலாம். நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. சொன்ன பிறகு அவர் முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான், அத்தனை பேர் முன்னால் அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. பாய்க்கு அப்போது கடைசி மகள் கல்யாணத்துக்கு இருந்தாள். வேறு கம்பெனியில் அந்த வயதில் யார் எடுப்பார்கள்? அவர் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேலைய எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, அது நீங்க குடுத்தது. சாவிய மட்டும் காத்து எறங்குன பெறகு நானே வீட்ல கொண்டாந்து தாரேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, அந்த மீட்டர இங்கன எடுத்துட்டு வாங்க. அதும் நானும் ஒரே எடத்துல நின்னு பேசிக்கிடுதோம்" என்றார்.

நான் ஆபீஸுக்குள் போனேன். ஆணியிலிருந்து மீட்டரைக் கழற்றக் கையைத் தூக்கினேன். கையில் சில்லென்று ஈரக் காற்று பட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆணிக்கு இரண்டு அடி தள்ளி அண்ணாச்சியின் ஏர்கூலர் இருந்தது. காலையில் நான்தான் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவேன். ஒன்றரை வருஷமாக மீட்டர் அந்தக் கூலர் விடும் மூச்சை அளந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்து விஸ்வநத்தத்துக் காற்று நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். கலவை ரூமுக்கு அடுத்த ரூமில் திரி வெட்டுகிறவள் என் பெண்டாட்டி.

மீட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். வேப்பமரத்தைத் தாண்டும்போதே முள் அசைய ஆரம்பித்தது. கலவை ரூம் வாசலுக்கு வந்து, நிழலில் ஒரு கல்லின் மேல் வைத்தேன். அண்ணாச்சி, பாய், லாரி டிரைவர், பெண்கள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். முள் மெதுவாக இறங்கியது. மஞ்சளில் கொஞ்சம் நின்றது. யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு மஞ்சளையும் விட்டு இறங்கி, சிவப்புக்குள் போய், அதற்கு மேல் போக இடமில்லாத மூலையில் சாய்ந்துகொண்டது.

"எங்கலே மாட்டியிருந்தே இத?" என்றார் அண்ணாச்சி.

"கூலர் பக்கத்துல அண்ணாச்சி. அங்கனதான் ஆணி இருந்துச்சு."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை. அங்கே வைத்தால்தான் குளிர் தன் நாற்காலிக்கு வரும் என்று கூலருக்குப் பார்த்துப் பார்த்து இடம் சொன்னவர் அண்ணாச்சி. ஆணியும் அவர் காலண்டர் மாட்ட அடித்தது. அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேப்பமரத்தடியில் நின்ற பெண்களைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக. என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை, இனியும் வாங்காமல் இருக்கவே பார்க்கிறேன்.

பாய் ஜெயித்த மாதிரி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "மாப்ள மேல கோவப்படாதீக. மெஷினு அது இருக்க எடத்தத்தான சொல்லும்" என்றார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். வேனை எடுக்கச் சொன்னார். எல்லோரையும் வீட்டில் விட்டுவரட்டும், அரைநாள் கூலியைப் பிடிக்க வேண்டாம் என்றார். டிரைவரிடம் இருக்கிற லோடை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னார், மீதியை அடுத்த லாரியில் அனுப்பலாம், வடக்கே தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். இதையெல்லாம் எங்களைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, கடைசியில் பாயிடம் வந்து நின்றார்.

"நாளைக்கு எத்தன மணிக்குச் சீவுவீக?"

"ஏழு மணிக்கு அண்ணாச்சி."

"நானும் வாரேன்."

வந்தார். ஏழு மணிக்கு முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேன் வந்தது. காற்று அடங்கியிருந்தது. போன அத்தனை பேரும் திரும்ப வந்திறங்கினார்கள், ஒருத்தர் குறையவில்லை. இதை ஒரு செய்தியாக எழுத முடியாது. எந்தப் பேப்பரிலும் வராது. எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் வராத நாள்களை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட நாள்கள் எத்தனையோ வருஷம் தொடர்ந்து எங்கள் கம்பெனிக்கு வாய்த்தன. மீட்டரைக் கலவை ரூம் வாசலுக்கே மாற்றினோம், ஆணியை நானே அடித்தேன். பெருவிரல் நகம் கறுத்துப்போனது தனிக் கதை.

சில நாள் கழித்து, சாயங்காலம் பாய் மடியில் தாளை விரித்துச் சீவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனசில் அரித்துக்கொண்டே இருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு ரூமைத் திறந்திருந்தால் நிஜமாகவே வெடித்திருக்குமா?

அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தெரியல மாப்ள" என்றார். "தெரியாமலே இருக்கட்டும்."